ஜோ லூயிஸின் தீராக் கடன்

ஜோ லூயிஸ் 1937 ஜூன் 22 முதல் 1949 மார்ச் 1 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் உலகச் சாம்பியனாக இருந்தார். அந்தப் பதினொன்றரை ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் 25 முறை தன் பட்டத்தைக் காத்துக்கொண்டார். இடையறாமல் அவ்வளவு காலம் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொழில்முறையில் அவர் ஆடிய சண்டைகள் 69. வென்றவை 66, அவற்றில் 52 நாக் அவுட். தோற்றவை மூன்று. மேடைக்கு வெளியே அவர் சந்தித்த எதிராளி வேறு வகை. அது வருமான வரித்துறையின் கணக்கேடு. மணியடித்தும் முடியாத அந்தச் சண்டை அவருடைய இளமையையும் சேமிப்பையும், கடைசியில் மன அமைதியையும் தின்றது.

அவருடைய முழுப்பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், லஃபாயெட் என்ற சிற்றூருக்கு அருகே 1914 மே 13 அன்று பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பருத்தி பயிரிட்டுப் பிழைத்தார்கள். ஜோவுக்கு இரண்டு வயதாகும்போது தந்தை மன்ரோ பாரோ மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு அவர் இறந்துவிட்டதாக வீட்டுக்குத் தகவல் வந்தது. அதை நம்பி, தாய் லில்லி மறுமணம் செய்துகொண்டார். உண்மையில் மன்ரோ 1938 வரை அந்த மருத்துவமனையிலேயே உயிரோடிருந்தார். தன் மகன் உலகச் சாம்பியனானது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

1926-ல் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிறவெறிக் கும்பலின் மிரட்டல் பின்னால் தள்ள, கார்த் தொழிற்சாலை வேலை முன்னால் அழைக்க, லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கைவிட்டுக் கிளம்பிய காலம் அது. பிள்ளை வயலின் கற்கட்டும் என்று தாய் வாரந்தோறும் கொடுத்தனுப்பிய சில்லறை, நகரத்தின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் செலவானது. கையுறைகளை வயலின் பெட்டிக்குள் ஒளித்து எடுத்துப் போனார் என்பார்கள். அமெச்சூர் நிலையில் 54 சண்டைகளில் 50-ஐ வென்று, 1934-ல் லைட் ஹெவிவெயிட் பிரிவின் தேசியப் பட்டத்தையும் பெற்றார்.

அவரைத் தொழில்முறைக்கு அழைத்து வந்த இருவரும் கறுப்பினத்தவர்கள்: டெட்ராய்ட்டின் ஜான் ராக்ஸ்பரோ, சிகாகோவின் ஜூலியன் பிளாக். இருவருக்கும் பணம் வந்த வழி சட்டவிரோத எண் சூதாட்டம். கறுப்பின இளைஞனுக்கு வங்கியும் கடன் தராது, வெள்ளை மேனேஜர்களும் நேர்மையான வாய்ப்புத் தரமாட்டார்கள் என்ற நிலையில், முதல் போடக்கூடியவர்கள் இப்படிப்பட்டவர்களாகவே இருந்தார்கள். பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் பழைய குத்துச்சண்டை வீரர். கொலைக் குற்றத்துக்காகச் சிறை கண்டவர். நடுவர்களின் புள்ளிகளை நம்பாதே, கறுப்பு வீரனுக்கு அவை விழாது, எதிரியைத் தரையில் வீழ்த்திவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்பதே அவர் போதித்த பாடம். கால்களை அதிகம் அலைக்கழிக்காமல் நெருங்கிச் சென்று, இடது கை நேர்க்குத்தால் வழி திறந்து, குறுகிய தூரத்தில் அடுக்கடுக்காகக் குத்தும் லூயிஸின் முறை இந்த அறிவுரையிலிருந்து பிறந்தது.

அதோடு சில கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீழ்ந்த எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இரவு விடுதிகளுக்குத் தனியே போகக் கூடாது. முடிவை முன்கூட்டியே பேசி வைத்த சண்டைகளில் ஆடக் கூடாது. இவற்றுக்குப் பின்னே ஜாக் ஜான்சனின் நிழல் இருந்தது. 1908-ல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜான்சன் தன் விருப்பப்படி வாழ்ந்தார். வெள்ளைப் பெண்களை மணந்தார். அதற்காகச் சட்டம் அவரைத் துரத்திச் சிறையில் தள்ளியது. 1915-ல் அவர் பட்டத்தை இழந்த பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்காகச் சண்டையிடும் வாய்ப்பே தரப்படவில்லை. அந்தக் கதவு மறுபடி திறக்க, இருபது வயது லூயிஸ் முகத்தில் உணர்ச்சி காட்டாத மனிதராக வாழ வேண்டியிருந்தது. அவர் இயல்பிலேயே கூச்சமுள்ளவர்தான். ஆனால் நாட்டின் முன்னால் அவர் காட்டிய முகம் வேறொருவர் செய்த தவறல்லாத தவறுக்கு அவர் கட்டிய அபராதம்.

முதல் தொழில்முறைச் சண்டை 1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் நடந்தது. ஜாக் கிராக்கனை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். கிடைத்த கூலி 59 டாலர். ஓராண்டுக்குள் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் முன்னாள் சாம்பியன் பிரிமோ கார்னேராவை ஆறாவது சுற்றில் சாய்த்தார். 1935 செப்டம்பர் 24 அன்று மார்வா டிராட்டரை மணந்துகொண்டு, அதே இரவில் இன்னொரு முன்னாள் சாம்பியனான மாக்ஸ் பேரை நாலாவது சுற்றில் முடித்தார். பணம் வெள்ளமாக வந்தது. பொருளாதார மந்தகாலத்தில் தன் குடும்பம் டெட்ராய்ட் நகரத்திடம் வாங்கிய நிவாரணத் தொகையைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அரசிடம் பெற்ற உதவித்தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்த ஒரு செயலைப் பின்னாளில் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1936 ஜூன் 19 அன்று முதல் தோல்வி. ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங், இடது கையால் குத்திய பின் லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்துகிறார் என்பதைக் கண்டுவைத்திருந்தார். அந்த இடைவெளியில் வலது கையை மறுபடி மறுபடி இறக்கி, 12-வது சுற்றில் வீழ்த்தினார். நாஜி அரசு அதைத் தன் இனவாதக் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டாடியது. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர். அவர் 1938 நவம்பரில் யூதர்கள் தாக்கப்பட்ட இரவுகளில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துக் காத்தவர் என்பது வெளியுலகுக்குத் தெரியவர அரை நூற்றாண்டு ஆயிற்று.

பட்டம் 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில், ஜேம்ஸ் பிராடாக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்தியபோது கிடைத்தது. அந்த வாய்ப்புக்கும் ஒரு விலை இருந்தது. போட்டி அமைப்பாளர் மைக் ஜேக்கப்ஸ், ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் தனக்குக் கிடைக்கும் லாபத்தில் 10 சதவீதத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பிராடாக் தரப்புக்குத் தர ஒப்புக்கொண்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22 அன்று, ஷ்மெலிங்குடன் மறுசண்டை நடந்தது. யாங்கி மைதானத்தில் ஏறத்தாழ 70,000 பேர் கூடினார்கள். வானொலியின் முன் கோடிக்கணக்கானோர். இரண்டு நிமிடம் நாலு நொடியில் எல்லாம் முடிந்தது. அமெரிக்க வெள்ளையர்கள் ஒரு கறுப்பின வீரரைத் தங்கள் நாட்டின் பிரதிநிதியாக முழுமனதோடு ஏற்ற முதல் இரவு அதுவாகவே இருக்கும்.

வந்த பணம் எங்கே போனது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். லூயிஸ் கைக்குள் காசை மூடி வைக்கத் தெரியாதவர். தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் வீடுகள், மிச்சிகனில் ஒரு குதிரைப் பண்ணை, சிகாகோவில் ஓர் இரவு விடுதியில் முதலீடு, வேலையில்லாத நண்பர்களுக்காகத் தன் செலவில் ஒரு சாஃப்ட்பால் குழு, கோல்ஃப் மைதானத்தில் பந்தயம், கேட்டவருக்கெல்லாம் கடன். கணக்கு வழக்கை மேனேஜர்களிடமும் ஜேக்கப்ஸிடமும் விட்டுவிட்டார். கை காய்ந்தால் ஜேக்கப்ஸ் அடுத்த சண்டையின் பேரில் முன்பணம் தருவார். அது அடுத்த சண்டைக்கு அவரைக் கட்டிப்போடும். அவருடைய கைமுட்டிகள் ஈட்டிய மொத்தம் சுமார் 46 லட்சம் டாலர் என்றும், அதில் அவருக்குக் கிடைத்தது 8 லட்சத்தளவே என்றும் கணக்கிடப்படுகிறது. ஊதாரித்தனம் அவர் குற்றம்தான். ஆனால் ஊதாரித்தனம் மட்டும் அவரைக் கவிழ்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய அடுத்த மாதம், 1942 ஜனவரி 9 அன்று, லூயிஸ் தன் பட்டத்தைப் பணயம் வைத்து பட்டி பேருடன் மோதினார். தன் பங்கு முழுவதையும் கடற்படைக் குடும்பங்களுக்கான நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அன்றைய கடற்படை கறுப்பினத்தவர்களைச் சமையல், பரிமாறும் வேலைகளுக்கு மட்டுமே அமர்த்தியது. அந்தப் படைக்கா இந்தப் பணம் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் கோளாறுகள் உண்டு, ஆனால் ஹிட்லர் அவற்றைத் தீர்க்கப் போவதில்லை என்பது லூயிஸின் பதிலாக இருந்தது. சண்டை முடிந்த சில நாள்களில் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 21 டாலர். மார்ச் 27 அன்று ஏப் சைமனை வென்று, அந்தப் பணத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் பிளாக்பர்ன் இறந்தார். ராக்ஸ்பரோ சூதாட்ட வழக்கில் சிறை சென்றார். லூயிஸைச் சுற்றியிருந்த வேலி ஒவ்வொரு பக்கமாகச் சரிந்தது.

ராணுவத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 96 காட்சிச் சண்டைகள். பார்த்த வீரர்கள் சுமார் 20 லட்சம் பேர். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியே உட்கார வைக்கும் அரங்குகளில் ஆட மறுத்தார். கன்சாஸின் ஃபோர்ட் ரைலி முகாமில் தகுதியுள்ள கறுப்பின வீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்படுவதாக ஓர் இளைஞர் முறையிட்டபோது, போர்த் துறையில் தனக்கிருந்த தொடர்பைப் பயன்படுத்தி அதைத் தீர்க்க வைத்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். அலபாமா முகாம் ஒன்றின் பேருந்து நிறுத்தத்தில், வெள்ளையருக்கான இடத்தை விட்டு எழ மறுத்ததற்காக லூயிஸே ராணுவப் போலீஸாரால் பிடித்துச் செல்லப்பட்டார். உடன் இருந்தவர் இன்னொரு மாபெரும் வீரரான சுகர் ரே ராபின்சன். 1945-ல் அரசு அவருக்கு லீஜன் ஆஃப் மெரிட் பதக்கம் அளித்தது.

பதக்கம் அளித்த அதே அரசின் இன்னொரு மேசையில் அவர் பெயரில் ஒரு ஏடு தடித்துக்கொண்டிருந்தது. நிவாரண நிதிக்காக ஆடிய சண்டைகளின் பணம் ஒரு நாளும் அவர் கைக்கு வரவில்லை. ஆயினும் வரித்துறை அதை அவருடைய வருமானமாகவே பதிந்தது. ஒருவர் தன் உழைப்பின் கூலியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது முதலில் அவருடைய வருமானம். நன்கொடைக்காகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அக்காலச் சட்டத்தில் அந்தக் கழிவு வருமானத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொடுத்ததில் பெரும்பகுதிக்கு வரி உண்டு என்பதே இதன் பொருள். விதி விதிதான். ஆனாலும் போர்க்காலத்தில் தன் பட்டத்தையே பணயம் வைத்து ஊதியமின்றி ஆடிய ஒருவருக்கு ஒரு விதிவிலக்குத் தர அரசுக்கு மனம் வரவில்லை என்பது அந்நாட்டு வரலாற்றின் சிறுமைகளில் ஒன்று.

முடிச்சு இறுகியது போருக்குப் பிறகு. படையை விட்டு வந்தபோதே வரித்துறைக்கும் ஜேக்கப்ஸுக்கும் அவர் கடன்பட்டிருந்தார். 1941-ல் பதின்மூன்றாவது சுற்று வரை தன்னைத் திணறடித்த பில்லி கானுடன் 1946 ஜூன் 19 அன்று மறுபடி மோதி, எட்டாவது சுற்றில் வென்றார். அவர் பங்கு 6 லட்சம் டாலருக்கு மேல். அதில் மேனேஜர்களுக்கு 1,40,000. மணமுறிவு பெற்ற மார்வாவுக்கு 66,000. நியூயார்க் மாநில வரி 30,000. பழைய கடன்களும் போனபின், மத்திய வரிக்கென்று ஒதுக்கப் பணமில்லை.

அன்றைய வரி அமைப்பு குத்துச்சண்டை வீரனுக்கு எப்படி எமனானது என்பது கவனிக்கத்தக்கது. உச்ச வருமானத்துக்கான வரி விகிதம் போர்க்காலத்தில் 94 சதவீதம் வரை உயர்ந்தது. போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் 80-க்குக் கீழே இறங்கவில்லை. அலுவலக வேலைக்காரர் நாற்பது ஆண்டுகளில் சம்பாதிப்பதைக் குத்துச்சண்டை வீரர் நாலைந்து ஆண்டுகளில் சம்பாதித்துவிடுகிறார். அதன் பிறகு உடம்பு ஒத்துழைக்காது. ஆனால் வரி ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே விதிக்கப்படுவதால், அவருடைய வாழ்நாள் வருமானமே உச்ச விகிதத்தில் சிக்கிவிடுகிறது. நிலுவை விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். 5 லட்சம் டாலர் நிலுவைக்கு ஆண்டு வட்டி 6 சதவீதம் என்றாலும் வட்டி மட்டும் 30,000 டாலர். அதைக் கட்ட இன்னொரு சண்டை ஆடவேண்டும். அந்தச் சண்டையில் வரும் பணத்துக்கு அந்த ஆண்டின் வரி முதலில் போகும். மிஞ்சுவது வட்டிக்குக்கூடக் காணாது. அசல் அப்படியே நிற்கும், அபராதம் அதன் மேல் ஏறும். ஓட்டைப் பானையில் தண்ணீர் மொண்டு ஊற்றிய கதைதான்.

1947 டிசம்பரில் ஜெர்ஸி ஜோ வால்காட் அவரை இரண்டு முறை தரையில் தள்ளினார். தீர்ப்பு லூயிஸுக்குச் சாதகமாக வந்தது. பார்த்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஆறு மாதம் கழித்து வால்காட்டைப் பதினொன்றாவது சுற்றில் வீழ்த்தி, அடுத்த ஆண்டு சாம்பியனாகவே விடைபெற்றார். அங்கேயே நின்றிருந்தால் அழகான முடிவு. ஆனால் 1950-ல் வரித்துறை அவருடைய கணக்குகளை முழுமையாக ஆராய்ந்து, வட்டி அபராதத்தோடு 5 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. அவ்வளவு பணம் தரக்கூடிய தொழில் அவருக்கு ஒன்றே தெரியும்.

36 வயதில் கையுறையை மறுபடி மாட்டினார். 1950 செப்டம்பர் 27 அன்று புதிய சாம்பியன் எஸார்ட் சார்ல்ஸ் 15 சுற்றுச் சண்டையில் புள்ளிகளில் அவரை வென்றார். யாங்கி மைதானத்தில் அன்று கூட்டமும் இல்லை. அவர் பங்கு 1 லட்சம் டாலர் அளவிலேயே நின்றது. அடுத்து எட்டுச் சண்டைகளை வென்றாலும், வலது கையின் வேகம் போய்விட்டிருந்தது. 1951 அக்டோபர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எதிரே நின்றவர் ராக்கி மார்சியானோ. எட்டாவது சுற்றில் லூயிஸ் கயிறுகளுக்கு இடையே சரிந்து, பாதி உடல் வெளியே தொங்க மேடை விளிம்பில் கிடந்தார். லூயிஸைப் போற்றி வளர்ந்த மார்சியானோ, தோற்றவரின் அறைக்குப் போய் அழுதார் என்பார்கள். அதன்பின் லூயிஸ் தொழில்முறைச் சண்டை ஆடவில்லை.

கடன் நின்றபாடில்லை. 1953-ல் தாய் லில்லி இறந்தபோது மகனுக்கென்று விட்டுச்சென்ற 660 சொச்சம் டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. மகன் திசைமாறிக் குத்துச்சண்டை கற்ற வயலின் காசைக் கொடுத்த அதே தாய். 1956-ல் லூயிஸ் தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கினார். 140 கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிராளி மார்பின் மேல் விழுந்ததில் விலா எலும்பும் இதயமும் பாதிக்கப்பட்டன. தொலைக்காட்சிப் பரிசுப் போட்டியில் கலந்துகொண்டார், நடுவராக நின்றார், தன் பெயரை விற்றார். 1950-களின் இறுதியில் நிலுவை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1959-ல் அவர் மணந்துகொண்ட மார்த்தா ஜெஃபர்சன் ஒரு வழக்கறிஞர். அந்த மணவாழ்க்கையின்போதுதான், 1960-களின் தொடக்கத்தில், நடப்பு வருமானத்தில் லூயிஸால் கட்ட முடிந்ததை மட்டும் வாங்கிக்கொள்ள வரித்துறை இசைந்தது. பத்தாண்டுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் மார்சியானோவின் முன் அந்த உடம்பு நின்றிருக்க வேண்டியதில்லை.

வாழ்வில் அமைதி வரவேண்டிய வயதில் நோய் வந்தது. 1969-ல் நியூயார்க் தெருவில் மயங்கி விழுந்தார். கொக்கெயின் பழக்கம் இருந்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டார். தன்னைக் கொல்லச் சிலர் சதி செய்கிறார்கள், அறைக்குள் விஷப் புகை விடுகிறார்கள் என்று அஞ்சினார். 1970-ல் மனைவியும் மகனும் அவரை டென்வர் நகரின் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுமார் ஐந்து மாதம் சிகிச்சை பெற்றார். வெளியே வந்தவருக்கு லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதி வேலை தந்தது: விருந்தினரை வரவேற்பது, கையெழுத்துப் போடுவது, கோல்ஃப் ஆடுவது. அதைப் பரிதாபமென்று பலர் எழுதினார்கள். அவரோ மனிதர்களோடு இருப்பதை விரும்பினார்; வேலையும் கௌரவமானதாகவே இருந்தது.

1977-ல் ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. பக்கவாதமும் தாக்க, சக்கர நாற்காலியில் அடங்கினார். போருக்குப் பின் கொக்கோ கோலா வணிகத்தில் செல்வரான ஷ்மெலிங் அவரைத் தேடி வந்து நண்பராகி, பணமும் கொடுத்து உதவினார். 1981 ஏப்ரல் 11 அன்று சீசர்ஸ் பேலஸில் லாரி ஹோம்ஸின் பட்டப் போட்டியைப் பார்க்க லூயிஸ் வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் காலை மாரடைப்பில் இறந்தார். வயது 66.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய ராணுவ விதிகளின்படி அவருக்குத் தகுதியில்லை. அதிபர் ரொனால்டு ரேகன் விதியைத் தளர்த்தி அனுமதித்தார். அடக்கச் செலவில் ஒரு பகுதியை ஷ்மெலிங் ஏற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் லூயிஸுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1986-ல் டெட்ராய்ட் நகரின் நடுவே, சிற்பி ராபர்ட் கிரேயம் வடித்த அவருடைய முன்கையும் முட்டியும் 24 அடி நீள வெண்கலமாகத் தொங்கவிடப்பட்டன.